ஏழாம் இலக்கத்துக் கலங்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமியபோது குமாரி வாசல் முன் இஸ்தோப்பில் நின்று சேற்றுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பா இருளப்பன் அவள் கண்ணெதிரே குந்தியிருந்தார், வாய் நிறைய வெற்றிலை. குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒட்டிக் கிடக்கிற லயத்தில், பின்பக்கத்துக் காம்பராவில் ஆள் கிடையாது. கூரைத் தகரம் காற்றில் பறந்த நாளிலிருந்து தோட்டத்துக்காரர்கள் அதைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

இருமலில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். குருவிட்ட ஊருக்கு மேலே, வருடத்தில் பாதிநாள் மழை கொட்டுகிற இந்தத் தோட்டத்தில் இருமாதவர் யார்? ஆனால் இந்த இருமலுக்கு முன்னால் ஒரு சின்ன ‘ம்’ இருந்தது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்ததற்கு மன்னிப்புக் கேட்பது மாதிரி ஒரு ‘ம்’. றப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டில் வாழ்நாளையெல்லாம் கழித்த ஒருத்தி அப்படித்தான் இருமுவாள். அவள் பெயர் புஷ்பம். குமாரியின் அம்மா. டெல்டா கொரோனா வந்த வருடம் செத்துப்போனவள்.

“நேத்தும் இருமுச்சு,” என்றார் அப்பா.

“யாருப்பா?”

அவர் எட்டி வாசலில் துப்பினார். “சோறு இருக்கு. சாப்புடு.”

அம்மா செத்த கதையை அந்த வீட்டில் யாரும் முழுதாகப் பேசியதில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். காய்ச்சலோடு அம்புலன்ஸில் ஏறியவள், ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டியவள், அவ்வளவுதான். பிறகு சீல் வைத்த ஒரு பெட்டி. பொலிஸ்காரர் மறித்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், கொஞ்சம் புகை. வாய்க்கரிசி போடவில்லை. கோடிச் சேலை போர்த்தவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. பதினாறாம் நாள் கருமாதியில் பண்டாரம் ஒரு கல்லை நிறுத்தி, இதுதான் புஷ்பம், கும்பிடுங்கள் என்றபோது அப்பா அந்தக் கல்லைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கும்பிட்டார். நம்பிக் கும்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

குமாரிக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். அம்மா முழுதாகப் போய்விடவில்லை.

இரத்தினபுரிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் குமாரிக்கு வேலை. லயத்தில் பிறந்த பிள்ளை விஞ்ஞானப் பட்டம் வாங்கி வெள்ளைக் கோட்டுப் போடுகிறது என்று தோட்டமே பொங்கல் வைத்துக் கொண்டாடிய வேலை. அம்மா சாவதற்கு முந்தைய வருடம், அங்கே ஓர் ஆய்வுக்காக நோயில்லாத ஆட்களின் மூக்கினுள்ளேயிருந்து உயிர்க்கலங்கள் தேவைப்பட்டன. குமாரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். குச்சியோடு வந்த சிங்கள நர்ஸ், “அம்மே, பய வென்ன எப்பா,” என்று தைரியம் சொன்னாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “பய நே நோனா, கிதி!” என்றாள். பயமெல்லாம் இல்லையாம், கிச்சுகிச்சு மூட்டுகிறதாம். அறையே சிரித்தது. குச்சி உள்ளே போய் வந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினாள். கலங்கள் ஒரு சின்னக் குப்பிக்குள் போயின. ஆளின் பெயர் எழுதுவதில்லை என்பது அங்கே விதி. ஏழாம் இலக்கம் என்று மட்டும் ஒட்டினார்கள்.

அம்மா செத்த பிறகு குமாரி அந்தக் கலங்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். இளஞ்சிவப்புத் திரவத்தில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள், அவை பெருகிச் சின்னஞ்சிறு உருண்டைகளாகியிருந்தன. உருண்டைகளின் மேலே மெல்லிய மயிரிழைகள், காற்றில் புல் அசைவதுபோல, ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருந்தன. மூச்சோடு வரும் தூசியை வெளியே தள்ளுகிற இழைகள் அவை. மூச்சு நின்றுபோன செய்தி அவற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. குமாரி அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆய்வு முடிந்ததும் மற்ற இலக்கங்களையெல்லாம் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். ஏழாம் இலக்கத்தை மட்டும் அவள் கழுவவில்லை. உறையவைத்தாள், உருக்கினாள், வளர்த்தாள், மறுபடி உறையவைத்தாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பிள்ளை மனத்துக்கும் பித்துப் பிடிக்கும்.

இந்த வருடம் ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் கிருசாந்தி ஒரு புது ஆய்வு தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்காரி, வேலையில் கண்டிப்பு, மனசில் ஈரம்.

“ஒரே ஆளின்ர கலத்துக்குக் கொரோனாவின்ர ஒவ்வொரு திரிபா குடுத்துப் பாக்கவேணும் குமாரி. அப்பத்தான் வித்தியாசம் வைரசால வந்ததெண்டு சொல்லலாம். ஏழாம் இலக்கம் நல்லா வளருது, என்ன?”

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏழாம் இலக்கத்தை எடுத்துவிடுவார்கள், புதிதாக வேறு யாரிடமாவது கலங்கள் எடுப்பார்கள், ஏழு குப்பைக்குப் போகும்.

“வளருதுக்கா,” என்றாள்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஆயிரமாயிரம் ஜீன்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவதில்லை, பேசினால் சந்தைதான். எது பேசுகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் மூக்கு மூக்காகவும் ஈரல் ஈரலாகவும் இருக்கிறது. வைரசு உள்ளே நுழைந்து அந்த ஒழுங்கைக் கலைக்கிறது. அதுவும் ஒவ்வொரு திரிபும் ஒவ்வொரு விதமாக. ஒன்று மணம் அறிகிற ஜீன்களின் வாயை அடைக்கும். இன்னொன்று கலங்களின் சுவரைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒரே அம்மா, ஒரே ஜீன்கள். வந்து போகிற விருந்தாளிக்குத் தக்கபடி ஆள் மாறிவிடுவாள்.

முதல் வந்த பழைய திரிபைக் குமாரி ஏழாம் இலக்கத்துக்குக் கொடுத்ததற்கு மறுநாள்தான் இஸ்தோப்பில் நின்று அந்த இருமலைக் கேட்டாள். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

அந்த வாரக் கடைசியில் ஒரு பின்னேரம், அப்பா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், குமாரி இஸ்தோப்பில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது, தகரத்து ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது, பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரிகிற வாசமும் புகைக்கூட்டுப் பக்கமிருந்து வருகிற புளித்த றப்பர் வாசமும் ஈரக் காற்றில் ஒன்றாய்க் கலந்து வந்தன, எங்கோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாசங்களுக்கெல்லாம் நடுவே இன்னொன்று எழும்பியது. தீய்ந்த பால்.

குசினிக்கு ஓடினாள். அடுப்பில் யார் பால் வைத்தது என்று தெரியவில்லை. சட்டி கறுத்துப் புகை கக்கிக்கொண்டிருந்தது. புகைக்குள் அகப்பை மட்டும் சட்டியைச் சுற்றி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பொறுமையாக. பால் தீய்ந்தது தெரியாத ஒருத்தி கிண்டுவதுபோல. குமாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாய்ந்து விளிம்பில் விழுந்தது.

குடத்தோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றார். “பாவம். அவளுக்கு வாசம் தெரியல போல,” என்றார்.

மூன்று காம்பரா தள்ளி விளக்குத் திரி கருகினாலே மூக்கைச் சுளிப்பவள் அம்மா.  காலையில்தான் ஏழாம் இலக்கத்தின் முடிவுகள் வந்திருந்தன. மணம் அறிகிற ஜீன்கள், ஒன்று விடாமல், அடங்கிப் போயிருந்தன.

பயந்தாள். அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: பயத்துக்கு அடியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கில் விட்ட குச்சி, குப்பி, அம்மாவின் ஒரு துளி இன்னும் உயிரோடு இருப்பது. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். அவர் எழுந்து போய் இன்னொரு சோற்றுக் கோப்பையைக் கழுவி, சோறு போட்டு, சுவரோரமாக வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை.

அடுத்தது டெல்டா.

அம்மாவைக் கொண்டுபோனது எதுவோ அது. தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு உள்ளறையில் நின்று குமாரி அந்தத் துளியை ஏழாம் இலக்கத்துக்குள் விட்டாள். கை நடுங்கவில்லை. பழகிய கை. பிற்பாடு அதை நினைத்துத்தான் அவள் அதிகம் அழுதாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது கலங்களின் சுவர்கள் கரைந்திருந்தன. தனித்தனியாக இருந்தவையெல்லாம் ஒட்டி, ஒரே போர்வைக்குள் பல தலைகள் நெருக்கியடித்துப் படுத்த மாதிரிக் கிடந்தன. மேலே இருந்த மயிரிழைகள் திசை தெரியாமல் துடித்தன.

அன்றைக்கு பஸ் பிந்தியது. வீட்டுக்கு வரும்போது மங்கல். அப்பா விளக்கைப் போடவில்லை. பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைக்கிற மாதிரி.

“கொதிக்குது புள்ள,” என்றார்.

குமாரியும் கை வைத்தாள். மழையில் ஊறிப் பாசி பிடித்த சுவர். எப்போதும் சில்லென்று இருக்கும் சுவர். அது சுட்டது. உள்ளேயிருந்து சுட்டது. கைக்கு அடியில் ஏதோ மேலே போய்க் கீழே வந்தது. மூச்சு.

‘ம்.’

இருமல்.

ஒன்றல்ல. ஒரே தொண்டையிலிருந்து பல இருமல். ஒன்றையொன்று முந்திக்கொண்டு, மிதித்துக்கொண்டு. அதற்கு நடுவே ஒரு குரல். பாதி சொல்.

‘...ண்ணி.’

பிறகு இன்னொரு வாயிலிருந்து மீதி.

‘தண்ணி, புள்ள.’

அப்பா கையை எடுக்கவில்லை. அவளைப் பார்த்தார். “நீ என்னத்தக் குடுக்குற அவளுக்கு?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னாள்.

“அதயா? அவள கொன்னதயேவா?”

“ஆராய்ச்சிக்குப்பா...”

“அவ சாவுறத நான் பாக்கல. பாக்க விடல அவங்க. கடவுளே நல்லதுதான்னு நெனச்சிக்கிட்டேன். இப்ப நீ பாக்க வைக்கிற.” அவர் குரல் உயரவேயில்லை. “எத்தன தடவ புள்ள அவ சாவணும்? விட்டுரு. போகட்டும்.”

குமாரி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சுவர் அவள் நெற்றியைச் சுட்டது. அம்மாவை வைத்திருந்தால் அம்மா போய்ச் சேரமாட்டாள். அம்மா போய்ச் சேர வேண்டுமானால் அவளே கொல்ல வேண்டும். இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு யாரையும் செய்ய விடவும் மனசில்லை.

விடிந்ததும் ஒரு பிடி பச்சரிசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். உள்ளறைக்குள் அரிசி கொண்டுபோக விடமாட்டார்கள். உடுப்புக்குள், நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள். உறைபெட்டியில் இருந்த ஏழாம் இலக்கக் குப்பிகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். வளர்ந்துகொண்டிருந்த தட்டுகளை வரிசையாக வைத்தாள். வைரசு கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா வைத்திருந்த தட்டும் அதில் இருந்தது. அதில் மட்டும் இழைகள் முன்போலவே அமைதியாக அசைந்துகொண்டிருந்தன. அந்தத் தட்டை அவள் கடைசியில் வைத்தாள்.

பிளீச்சை ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்து வெறும் தண்ணீராயிற்று. ஒவ்வொன்றாக. கடைசித் தட்டுக்கு வந்தபோது நெஞ்சிலிருந்த முடிச்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“போயிட்டு வாம்மா,” என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சாவு வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. செத்தவரிடம் யாரும் திரும்பி வரச் சொல்வதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்கூட ‘போயிட்டு வாறேன்’ சொல்லாமல்தான் இறங்குவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, தானாகச் சொல்லிவிட்டது. ஒரு வார்த்தைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஊற்றினாள். இழைகள் நின்றன.

அன்று வீடு அமைதியாக இருந்தது. சுவர் சில்லென்று இருந்தது. அப்பா சுவரோரத்துக் கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார், சூடம் கொளுத்தினார், கும்பிட்டார். இந்தத் தடவை நம்பிக் கும்பிட்டார். இரண்டு பேரும் பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் சத்தமில்லை. குமாரிக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியது, இன்னொரு பக்கம் ஏறியது. இப்போதுதான் அவளுக்கு அம்மா செத்துப்போயிருந்தாள்.

கிருசாந்தி இரத்தினபுரிக்கு வெளியே ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பியதும் ஏழாம் இலக்கத்தைத் தேடினார். குமாரி ஒளிக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, வேலையை விட்டு நிறுத்தினாலும் சரிதான் என்று நின்றாள். கிருசாந்தி ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை? இதைத் தனியவே சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கிறீர்.” அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “அழாதையும். ஒண்டும் அழிஞ்சு போகேல்லை. ஏழாம் இலக்கம் இவ்வளவு நல்லா வளருதெண்டு நான் முதலே வேற இடங்களுக்கும் அனுப்பிப்போட்டன். சிங்கப்பூர், ஜெர்மனி, இந்தியா, இன்னும் எங்கெங்கையோ. அவையளும் பிரிச்சுப் பிரிச்சு மற்றவைக்குக் குடுத்திருக்கினம். இந்தக் கிழமைதான் எல்லாரும் தொடங்கியிருக்கினம். எங்களட்ட இல்லாத திரிபெல்லாம் அங்க இருக்கு.” அவர் குமாரியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். “உம்மட அம்மா இனி எங்கையும் போகமாட்டா.”

குமாரி எப்படி பஸ் ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. குருவிட்டச் சந்தியில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஏறும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை வருகிற வெளிச்சம். றப்பர் மரங்களுக்கு இடையில் மூடுபனி இறங்கியிருந்தது, காற்று அடியோடு நின்றிருந்தது, இந்நேரத்துக்கு லயத்திலிருந்து கேட்கிற டீவி நாடகமும் பிள்ளைச் சத்தமும் கோழிச் சத்தமும் ஒன்றும் கேட்கவில்லை. வளைவு திரும்பினாள். லயத்துக் கதவுகளெல்லாம் அடைத்துக் கிடந்தன.

இஸ்தோப்புகள் அடைத்துக் கிடக்கவில்லை.

ஒவ்வொரு இஸ்தோப்பிலும் ஒருத்தி. சில இடத்தில் இரண்டு பேர், மூன்று பேர். வாசலில். தண்ணீர் ஓடும் கானோரத்தில். படியில்.

எல்லோரும் அம்மா.

ஒருத்தி உள்ளங்கையில் சூடத்தை எரியவிட்டு மூக்கோடு வைத்து வைத்து முகர்ந்தாள். கை கருகியது. அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப்போயிருந்தார்கள். ஒரே சேலை. பிரிந்துபோகப் பார்த்து, முடியாமல், மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேலெல்லாம் ஆவி பறந்தது. ஒருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தாள். கடைசிப் படியில் இருந்தவளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று குமாரிக்குப் புரியவில்லை. அப்படி ஆக்குகிற திரிபை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அப்பா வாளியோடும் செம்போடும் ஒவ்வொருத்தியாகப் போய்க்கொண்டிருந்தார். நனைந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

“இதுல எது உங்கம்மான்னு தெரியல புள்ள. எல்லாத்துக்கும் தாகமா இருக்கு.”

செம்பை நீட்டினார். குமாரி வாங்கினாள். கை நடுங்கியது, பாதித் தண்ணீர் சிந்தியது. பக்கத்தில் நின்ற அம்மாவின் வாயில் வைத்தாள். அவள் முழுதையும் குடித்தாள். நிமிர்ந்து, மகளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“வலிக்குது புள்ள,” என்றாள்.

அவளுக்குப் பின்னால், பாதை நெடுக, றப்பர் மரங்களுக்கு ஊடாக, இன்னும் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.